நான் பார்க்காத நார்ப்பாய்

நேற்று காலை முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில், நாம் போட்ட சாலையை ஏரிக்கரை வளைவில் குறுக்கே வெட்டியிருந்தார்கள். குடிநீர்க் குழாய் பதிக்கிறார்களாம். ஈரக் களிமண் வாசனை மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஓய்வு பெற்ற ஓவர்சியருக்கு அங்கே என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. பள்ளத்தின் ஓரத்தில் குந்தி, உள்ளே எங்கேயாவது நார் தெரிகிறதா என்று பார்த்தேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் உன்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

என் புத்தி உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நீ பென்சில் இரவல் கேட்டால், ஸ்கேலால் அளந்துவிட்டுக் கொடுத்தவன் நான். திரும்பி வரும்போதும் அளப்பேன். இன்றைக்கும் கேஸ் சிலிண்டரை எடை போடாமல் வாங்குவதில்லை. "எமனே வந்தாலும் ஐடி கார்டு கேப்பீங்க நீங்க" என்பாள் என் மனைவி. சுரங்க நகரியத்தில் ஒரே பிளாக்கில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். இரண்டு பேர் அப்பாவும் மைன்ஸில் ஒரே ஷிப்ட். நான் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியர் ஆனேன், நீ காண்டிராக்டரிடம் சூப்பர்வைசர் ஆனாய். ஒரே சாலையில் நீ வேலை செய்ய, நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதே பயந்திருக்க வேண்டும் நான்.

அந்தச் சாலைக்குத்தான் நம் பக்கத்தில் முதல் தடவையாகத் தென்னை நார் வலை வந்தது. சுருட்டிச் சுருட்டி லாரியிலிருந்து இறக்கினார்கள். ஊரார் பார்த்ததும் நார்ப்பாய் என்று பேர் வைத்துவிட்டார்கள். களிமண் மேல் அதை விரித்து ஜல்லி கொட்டினால், ஜல்லி சேற்றுக்குள் புதையாது, தண்ணீர் மட்டும் வடியும். சில வருஷத்தில் நார் மக்கிவிடும், அதற்குள் மண் இறுகிவிடும் என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார்கள். நீ ஒரு துண்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "மக்கிப்போற சாமானை நம்பி ரோடா? யாரு காதுல பூ சுத்தறானுங்க?" என்றாய். எனக்கு நாரின் மேல் சந்தேகம் இல்லை, ஆட்களின் மேல்தான். எப்படியும் மக்கிப்போகிற பொருளைப் போடாமலே போட்டேன் என்று சொன்னால், பின்னால் யார் கண்டுபிடிப்பது?

வளைவில் நார்ப்பாய் விரிக்க வேண்டிய அன்று நான் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். நான் வந்து பார்க்கும்வரை ஜல்லி கொட்டாதே என்று போனில் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை வந்தால் வளைவு முழுக்க ஜல்லி.

"மழை கட்டிகினு வந்துச்சுடா. உனுக்காக காத்துகினு இருந்தா அத்தினியும் சேறாயிருக்கும். பாய் போட்டுட்டுத்தான் மூடனேன்."

"நான் பார்க்கலையே."

"போட்டோ அனுப்பனேனே, பாக்கல?"

பார்த்திருந்தேன். படத்தில் நார்ப்பாய் இருந்தது, உன் செருப்பு இருந்தது, ஏரி இல்லை. வேறு எந்த இடத்திலும் எடுத்திருக்கலாம். அதை உன்னிடமே சொன்னேன். உன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ஒரு இடத்துல தோண்டிக் காட்டேன்."

"தோண்டுனா பாய் அறுந்துபூடும், அந்த எடம் குழி வாங்கும். உன் ஆபீசு எழுதிக் குடுத்தா தோண்டறேன். நீ சொல்றதுக்காகத் தோண்ட மாட்டன்."

அன்று சாயங்காலம் பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை.

மழை விட்டதும் சமாதானம் பேசத்தான் உன் வீட்டுக்கு வந்தேன், மெய்யாகவே. வீட்டில் யாரும் இல்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் மண் கிளறியிருந்தது. காலால் தள்ளினேன். உள்ளே நார்ப்பாய்த் துண்டு. பக்கத்தில் கிளறினால் இன்னொன்று. உட்கார்ந்து உனக்காகக் காத்திருந்து, இது என்னடா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாலைக்கு வந்ததை இங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். நேராக அலுவலகம் போய், "ஏரிக்கரை வளைவில் நார் விரிப்பு இடப்பட்டதை நான் பார்க்கவில்லை" என்று கோப்பில் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் உண்மை. காண்டிராக்டர் உன்னை நிறுத்திவிட்டார். நீ சேத்தியாத்தோப்பில் ஒரு ரைஸ் மில்லில் போய்ச் சேர்ந்தாய். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே நின்றபோதும் நீ பஸ் போர்டைப் படித்தாய், நானும் படித்தேன்.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன். உன் மனைவி காபியைக் கையில் கொடுத்துவிட்டுத் தானாகவே பேசினாள். "அந்த நாரு எத்தினி மழை தாங்கும்னு பாக்கணும்ணே அவருக்கு. வெட்டி எறிஞ்ச ஓரத் துண்டெல்லாம் பொறுக்கிகினு வந்து, ஏரி மண்ணையும் கொண்டாந்து கொல்லையில புதைச்சி வெச்சாரு. ஒவ்வொரு மழைக்கும் ஒண்ணு எடுத்து இழுத்து இழுத்துப் பாப்பாரு. உங்ககிட்ட காட்டணும்னு சொல்லிகினே இருந்தாருங்க." காபியைக் குடிக்காமலே கீழே வைத்தேன். அப்போதும் பார், எந்த மனைவி புருஷனை விட்டுக்கொடுத்துப் பேசுவாள் என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது. என் புத்தியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நேற்று பள்ளத்தில் ஒரு நார்கூட இல்லை. ஆனால் மேலே ஜல்லியும் கீழே களிமண்ணும் கோடு போட்ட மாதிரி பிரிந்து கிடந்தன. ஒரு கல்லும் மண்ணுக்குள் இறங்கவில்லை. நீ பாய் போட்டதால் இருக்கலாம். அந்த இடத்தில் மண்ணே கெட்டியாக இருந்திருக்கலாம். இப்படியும் அப்படியுமாக யோசித்துக்கொண்டு குந்தியிருந்தபோது, ஒன்றியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியாளர் பெண் இந்தச் சாலையின் பழைய கோப்போடு வந்து நின்றாள். நான் யார் என்று சொன்னேன். அடுத்த சாலைக்கும் நார்ப்பாய் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்களாம். பழையது என்ன ஆயிற்று என்று அவள் அறிக்கை எழுத வேண்டுமாம்.

"இங்க நாரே இல்லையே சார். சூப்பர்வைசர் போடாம ஏமாத்திட்டார்னு எழுதிடவா? அவர் பேர் இதுல இருக்கு."

உன் மனைவி தினமும் நடக்கிற சாலை அது. இந்தப் பேச்சு ஊருக்குள் போக எத்தனை நேரம் ஆகும்?

"நார் மக்கியிருக்கும்மா. பாய் போட்டாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

அவள் பக்கத்தைப் புரட்டி என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். "பார்க்கலைன்னு நீங்களேதானே எழுதியிருக்கீங்க?"

"நான் எழுதினது பொய்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை, ஆனால் குறித்துக்கொண்டாள். அன்றைக்கு நீ போட்டாயா இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. இனி யார் கேட்டாலும் பார்த்தேன் என்றுதான் சொல்வேன்.