வரிசையில் ஒரு ஆள் இடம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் நலம், அங்கே நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். மின்விசிறியைப் பழுது பார்த்தாயிற்று. மாடி வீட்டுக்காரி போன மழைக்கு வாங்கிப்போன குடையை இன்னும் தரவில்லை, கேட்டால் எந்தக் குடை என்கிறாள், இருக்கட்டும். நீ பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டு, என் மகளுக்கு இலவசச் சாப்பாடு வேண்டாம், நான் நன்றாகச் சம்பாதிக்கிறேன் என்று பெருமையடித்தாயாமே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உன்னைப் பார்த்து மற்ற வீட்டார்களும் அப்படியே சொல்லிவிட்டார்கள். சாப்பிடுகிற பிள்ளைகள் குறைந்துவிட்டதால் மாதக் கடைசியில் சமையல்கூடத்தையே மூடப்போகிறார்கள். "உங்க மகன் வயிறு நிறைஞ்சா ஊரு வயிறு நிறைஞ்சிருமாம்மா?" என்று சமையல்காரி முகத்துக்கு நேரே கேட்டாள். எனக்கா இந்தப் பேச்சு!

அவளிடம் நியாயம் பேசப்போன அன்று மதியம்தான் அதைப் பார்த்தேன். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள், நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் மட்டும் காலி. வரிசை நகர்ந்தால் அந்த இடமும் கூடவே நகர்கிறது. எந்தப் போக்கிரியும் இடித்துக்கொண்டு அதில் நுழையவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லையாம். வீட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு தனியாக உட்கார்ந்திருந்த உன் மகளைக் கேட்டேன். "அங்க ஒரு அக்கா நிக்குது பாட்டி. இப்பல்லாம் என் டப்பாவுலயும் சாப்பிடுது. எவ்ளோ சாப்பிட்டாலும் பசிக்குதாம்" என்றாள். அந்த அக்காவுக்குக் காதோரம் தழும்பாம், சட்டையில் பொத்தான் போன இடத்தில் ஊக்காம்.

அந்த ஊக்கை நான்தான் குத்திவிட்டேன். உன் அக்கா போனபோது நீ கைக்குழந்தை. அப்போது அந்தப் பள்ளியில் சாப்பாடு கிடையாது. வெறும் வயிற்றோடு போனவள் மயங்கி விழுந்தாள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. நடிக்கிறா, கிடக்கட்டும் என்றாளே அந்த டீச்சர், அந்த டீச்சர் செத்த பிறகும் நான் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே அடுப்பு மூட்டினார்கள். இதையெல்லாம் உன் மகளிடம் நான் மூச்சுக்கூட விட்டதில்லை.

டப்பா தினமும் வழித்துத் துடைத்தது போல் வருகிறது, உன் மகளோ இளைத்துக்கொண்டே போகிறாள். உடனே தலைமையாசிரியைக்கு ஃபோன் போட்டு, சொன்னது தப்பு, என் பிள்ளையும் வரிசையில் நின்றே சாப்பிடட்டும் என்று சொல், மற்ற வீட்டார்களுக்கும் சொல். அந்த அடுப்பு அணைந்தால் உன் அக்கா எங்கே போவாள்? அந்த அக்காவை நம் வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்று நேற்று உன் மகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நோய் நொடி அண்டாமல் நீண்ட ஆயுசோடு இருங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஃபோன் போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
உனக்கும் உன் அக்காவுக்கும்.