சேமிக்காமலே “சேமிக்கப்பட்டது” என்று காட்டிய விண்ணப்பப் பக்கம்

அனுப்புநர்:
நல்லமுத்து ஜீவராணி,
பொறுப்பாளர், மக்கள் கணினி அறை,
பழைய பிள்ளைக் காம்பரா கட்டடம்,
வட்டமலைத் தோட்டம், மேற்பிரிவு,
கந்தப்பளை.

பெறுநர்:
பணிப்பாளர்,
மாணவர் அனுமதிப் பிரிவு,
மத்திய மலைச்சாரல் தாதியர் பயிற்சிக் கல்லூரி,
கண்டி.

விடயம்: செல்வி ஜெயகாந்தன் தனுஷிகாவின் இணையவழி விண்ணப்பம் தங்கள் பக்கத்தின் கோளாறினால் தொலைந்தமையும், அவரை நேர்முகத் தேர்வுக்கு அனுமதிக்கக் கோருதலும்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவாக இருந்த கட்டடத்தில் ஒரு கணினியை வைத்து, தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் வேலையை நான் செய்து வருகிறேன். தங்கள் கல்லூரியின் தாதியர் பயிற்சிக்கு தனுஷிகா விண்ணப்பித்ததும் இங்கிருந்துதான். அவர் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றவர். வயதெல்லைப்படி அவருக்கு இதுவே கடைசி வருடம். இந்த ஒரு விடயத்தை ஐயா மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசிக்க வேண்டுகிறேன்.

2. விண்ணப்பிப்பதற்கு முன் பிளக்இன் என்னும் சிறு துணைச் செயலியை பிரவுசரில் பொருத்தும்படி தங்கள் பக்கம் கேட்கிறது. மலைப்பகுதிகளில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோவதால், நிரப்பிய விவரங்களை அந்த பிளக்இன் முதலில் கணினிக்குள்ளேயே சேமித்துவைத்து, இணைப்புக் கிடைத்ததும் தானாக அனுப்பிவிடும் என்று விளக்கம் தரப்பட்டிருந்தது. எங்களைப் போன்றோரை நினைத்துச் செய்த ஏற்பாடு என்று உண்மையிலேயே மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி இப்போது இல்லை.

3. அன்று மழையும் மூடுபனியுமாக இருந்தது. இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. தனுஷிகா எல்லாப் பகுதிகளையும் நிரப்பி முடித்து பொத்தானை அழுத்தியதும், “உங்கள் விவரங்கள் சேமிக்கப்பட்டன. இணைப்புக் கிடைத்ததும் அனுப்பப்படும்” என்று பச்சை நிறச் சரி அடையாளத்துடன் அறிவித்தல் வந்தது. மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற தன் தாயாருக்குக் காட்டுவதற்காக அவர் அதைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டார். அந்தப் படத்தின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

4. கந்தப்பளையிலுள்ள அவருடைய தோழிக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்து, இவருக்கு வராதபோதுதான் தங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினேன். அப்படியொரு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். எழுத்தில் கேட்டேன். “விண்ணப்பதாரர் பயன்படுத்திய பிரவுசரில் பிளக்இன்னின் சேமிப்பு வசதி செயலில் இருக்கவில்லை. இதற்கு இப்பிரிவு பொறுப்பல்ல” என்று சிங்களத்தில் பதில் வந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், ஆகவே மொழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொறுப்பைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

5. அந்த வசதியை நிறுத்திவைத்தது நான்தான். மறைக்க எனக்கு அவசியமில்லை. சென்ற வருடம் பிரியந்தி என்னும் பெண் சுயதொழில் உதவிக்காக வேறொரு பக்கத்தில் விண்ணப்பித்தபோது, கணவர் பிரிந்து வாழ்கிறார் என்று நிரப்பியிருந்தார். அதே பக்கத்தைத் திறந்து அடுத்து உட்கார்ந்தவர் அந்தக் கணவரின் அக்கா. பழைய விவரம் அப்படியே திரையில் வந்து நின்றது. பிரியந்தி வீடு போய்ச் சேருமுன் விஷயம் லயம் முழுவதும் போய்விட்டது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவிலுள்ள லயத்துச் சுவர் பாதிக் கதையைத் தானே கடத்திவிடும்; மீதியையாவது காப்பாற்றவே, எதையும் கணினியில் சேமிக்காதபடி நிறுத்திவைத்தேன். பலர் பாவிக்கும் கணினியில் இப்படிச் செய்வது முறைதான். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

6. நான் கேட்பது இதுதான். சேமிப்பு நிறுத்தப்பட்டிருக்கக் கூடும் என்பது தங்கள் பிரிவுக்குத் தெரிந்திருக்கிறது, பதிலிலேயே எழுதியிருக்கிறார்கள். தெரிந்திருந்தும் அந்தப் பக்கம் ஏன் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை? எங்கள் பாடசாலையில் கணினி கற்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் கஜதீபன் அவர்களை அழைத்து வந்து காட்டினேன். சேமிப்பு என்றொரு வசதி பிரவுசரில் இருக்கிறதா என்று மட்டும் பிளக்இன் பார்க்கிறது, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதில்லை என்றார். “ஒரு சொல்லை அதுக்குள்ள எழுதிப்போட்டு, திருப்பி எடுத்துப் பாத்தாக் காணும், அவ்வளவுதான். வராட்டி நிப்பாட்டியிருக்கெண்டு அர்த்தம். இது பெரிய வேலையில்லை, பிள்ளை” என்பது அவர் சொன்னது.

7. எங்கள் தோட்டத்தில் வேலைக்கு ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுத்த பிறகுதான் பேர் போடுவார். குரல் வராவிட்டால் அன்றைய சம்பளக் கணக்கில் பேர் விழாது. தங்கள் பக்கம் குரலுக்குக் காத்திராமலே பேர் போட்டிருக்கிறது. “இந்தக் கணினியில் சேமிக்க முடியாது” என்று ஒரு வரி சிவப்பில் காட்டியிருந்தால், மழையோடு மழையாக நானே தனுஷிகாவை பஸ் ஏற்றி நுவரெலியாவுக்குக் கூட்டிச் சென்று அனுப்பியிருப்பேன். முடிவுத் திகதிக்கு அப்போது நாள் இருந்தது.

8. பழி இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. தனுஷிகாவின் தாயார் நாகலெட்சுமி அறை வாசலில் நின்று, “நீங்கதானே மிஸ் எல்லாம் சரின்னு சொன்னீங்க. ஒங்கள நம்பித்தானே புள்ளைய அனுப்புனேன்” என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். அந்தப் பச்சை அடையாளத்தை நானும் நம்பினேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருக்கிறது.

9. தங்கள் பக்கத்தில் முறைப்பாடு செய்யவும் ஓர் இடம் உண்டு. அதுவும் அதே பிளக்இன்னில்தான் ஓடுகிறது. கணினியில் எதையும் மாற்றாமல் இந்த முறைப்பாட்டை அதில் எழுதிப் பார்த்தேன். அதற்கும் பச்சை அடையாளம் வந்தது. ஆகையால் இதைக் கையால் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இதைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு மனிதர் கையொப்பம் வைப்பார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

10. ஆகவே, இத்துடன் இணைத்துள்ள கையெழுத்து விண்ணப்பத்தை ஏற்று, இம்மாதம் இருபத்தேழாம் திகதி தொடங்கும் நேர்முகத் தேர்வுக்கு தனுஷிகாவை அழைக்கும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். சேமிப்பு வேலை செய்கிறதா என்று எழுதிப் பார்த்து, இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லும்படி அந்தப் பக்கத்தையும் திருத்தித் தர வேண்டும். எங்களைப் போல ஒரே கணினியைப் பகிர்ந்து பாவிக்கும் தோட்டங்கள் இந்த மலையில் நிறைய உண்டு. பச்சை அடையாளத்தை நம்பிக் காத்திருப்பவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, தங்களுக்கும் தெரிய வழியில்லை.

11. “வயசுப் புள்ளைய சும்மா வச்சிருக்க ஏலாது மிஸ்” என்று சொல்லி, அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து மகளையும் வேலைக்கு அனுப்ப நாகலெட்சுமி ஒத்துக்கொண்டுவிட்டார். கொழுந்து பறிப்பதைக் குறைவாக நான் எண்ணவில்லை, என் தாயும் பறித்தவர்தான். ஆனால் தனுஷிகா கேட்டது வேறு வேலை, அதற்கான தகுதியும் அவரிடம் இருக்கிறது. அன்று காலைப் பெரட்டில் அவர் பேர் கூப்பிடப்படும். அவர் குரல் கொடுப்பதற்கு முன் தங்கள் அழைப்பு வந்துசேர வேண்டும், ஐயா.

பதிலை எதிர்பார்த்து அறை வாசலில் காத்திருக்கும்,

ந. ஜீவராணி
(கையொப்பம்)

இடம்: வட்டமலைத் தோட்டம், கந்தப்பளை
திகதி: 2025.03.11

இணைப்பு: திரையின் படப் பிரதி, கையெழுத்து விண்ணப்பம், உயர்தரப் பெறுபேற்றுப் பிரதி