சுவரில் ஒட்டியது

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், இரவு.

போன மாதம் அவர் என் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதியதில், படுக்கையறைச் சுவரின் பூச்சு பெயர்ந்து குழியாகிவிட்டது. தீபம் பார்க்க அவருடைய தங்கை சுமதி கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறாள் என்றதும் வால்பேப்பர் வாங்கிவந்து தானே ஒட்ட ஆரம்பித்தார்.

"சுமதி வீட்டுல மூணு ரூமுக்கும் ஒட்டியிருக்காங்க. எவ்ளோ நீட்டா இருக்கு தெரியுமா" என்றார்.

மழையில் ஊறிய சுவர், காயட்டுமே என்றேன். சுருக்கம் நீவிக்கொண்டிருந்த ஸ்டீல் ஸ்கேல் என் தோளில் விழுந்தது. பேப்பரின் மறுமுனையைப் பிடித்தேன்.

இன்று காலை அவர் கடைக்குப் போனபிறகு சுமதி அந்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கு உங்க மேல ஆசை ஜாஸ்திதான் அண்ணி. ரூமை எப்டி ஜோடிச்சி வச்சிருக்காரு பாருங்க" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ. ஈரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மூலையைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் பேப்பர் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. திரும்பி நின்று, என் பின்தலையை அந்தக் குழியில் பொருத்திக் காட்டினேன்.

சுமதி பதறுவாள் என்று நினைத்தேன். அவள் சீப்பைக் கீழே வைத்தாள். பேப்பரை வாங்கிக் கட்டிலில் விரித்து, புறங்கையால் நிதானமாக நீவினாள்.

"பசை மிச்சம் இருந்தா எடுங்க அண்ணி. அண்ணன் வர்றதுக்குள்ள ஒட்டிடலாம். எங்க வீட்டுல மூணு ரூமும் நான் ஒட்டுனதுதான்."