படலைக்குள் நுழையாத மோட்டார்க்கார்

1936 ஆனி 14, ஞாயிறு.

மருமகன் புதிதாக வாங்கிய மோட்டார்க்கார் இன்று எங்கள் வாசலின் கூரைபோட்ட படலைக்குள் நுழையவில்லை.

“நூறு வருஷத்துப் பழசுதானே மாமா, இடிச்சுப் போடுவம்,” என்றார்.

என் தகப்பனார் அதைக் கட்டியது 1868 தையில் என்று திருத்தினேன். வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்குவதற்கென்றே அக்கூரையை வேய்ந்தார். ஆனால் தடுக்க எனக்கு உரிமையில்லை. வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வீடு என்ரையெல்லோ? படலை நிக்கட்டும். பின்வேலியைப் பிரிச்சு உங்கடை காரைக் கொண்டுவாங்கோ,” என்றாள்.

“மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலையோ?”

“ஓம், மாடு ஒண்டும் சொல்லாது.”

மருமகன் வாய்விட்டுச் சிரித்தார். நாளைக் காலை வேலி பிரிக்க ஆள் வரும். கார்ச் சத்தத்துக்கு வெருளாதபடி மாட்டைத் தோட்டத்தில் கட்டச் சொல்லவேண்டும்.