பனியில் போன சக்கரத் தடம்

என் பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

நான் சமைக்கும் இந்த மலை விடுதிக்கு, காட்டுச் சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள்தான் வருகிறார்கள். மூடுபனி இறங்கினால், முன்னால் போனவரின் சக்கரத் தடத்தைப் பிடித்தே ஓட்டுவார்கள். நேற்று இங்கிருந்து கிளம்பிய மூன்று பேரும் அப்படித்தான் போயிருக்கிறார்கள். பள்ளத்தின் விளிம்பில் தடம் நின்றுவிட்டதாம். திரும்பிய தடமும் இல்லை, ஆளும் இல்லை. பயந்து திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இங்கிருந்து சைக்கிளில் போனவன் ஒருவன்தான்; டீ கேட்டான், கொடுத்தேன். அவன் உட்கார்ந்த இடத்தில் போய்ப் பார்த்தால் டம்ளர் ததும்ப அப்படியே இருக்கிறது.

"பாட்டி, பேய்க்கே டீ போட்டுட்டீங்களா?" என்று விடுதிக்காரர் சிரித்தார்.

"போட்டா என்ன? ஒரு வாய் குடிக்காமப் போயிட்டானே, அதுதான் வயித்தெரிச்சல்" என்றேன்.

சிரித்தவர் சாயங்காலமே கதவைத் தாழிட்டுவிட்டார்.

தைலமும் உங்கள் பழைய துண்டு ஒன்றும் அனுப்புங்கள். துண்டைத் துவைக்க வேண்டாம்.

சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்த நம் பேத்தி, என் தங்கம், அடுத்த வாரம் இந்தப் பாதையில்தானே வருகிறாள்? நம் வம்சத்தில் அவளைப்போல் யார் ஓட்டினார்கள்! வராதே என்றால் கேட்க மாட்டாள். பனி இறங்கினால் தடத்தை நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். பாதை பிரிகிற இடத்தில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். என் குரலைப் பிடித்து வரட்டும்.

அடுப்பில் பால் பொங்குகிறது.

உங்கள் வீட்டுக்காரி