இடது பக்கத்து உள்பை

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே தையல் மெஷின் ஊசி உடைந்தது. அதை மாற்றி நூல் கோப்பதற்குள் இரண்டு பேர் வந்து காத்திருந்தார்கள்.

மதியம் தம்பி வந்தான். உட்காரக்கூட இல்லை. வெட்டுமேசையில் கிடந்த என் போனை எடுத்து, "இன்னும் லாக் போடலையா?" என்று ஆரம்பித்துவிட்டான். போன் ரிப்பேர் கடையில் இருப்பவனுக்கு உலகத்தில் எல்லோரும் திருடர்கள்.

போடாமல் என்ன, போட்டுப் பார்த்ததுதான். இருபது வருஷம் ஊசி குத்தி, இஸ்திரிப்பெட்டி சுட்டு, என் விரலில் ரேகை என்று ஒன்று மிச்சமிருக்கிறதா என்பதே சந்தேகம். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று, போன் என்னைத் தெரியாது என்கிறது. எண் போடலாமென்றால், வருகிறவர்களுக்குக் கழுத்து டிசைன் காட்டுவதே அந்தப் போனில்தான். நிமிஷத்துக்கு ஒருதரம் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் திறந்துவிட என்னால் ஆகாது. "எடுத்துப் பாருங்க" என்று கையைக் காட்டினால் அவர்களே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொள்வார்கள்.

"என் போன்ல என்னடா இருக்கு, கழுத்தும் கையும்தானே" என்றேன்.

"உன் கழுத்தா அது? அத்தனையும் அடுத்தவங்க கழுத்து."

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் வந்தார். ஆறு வருஷமாக எனக்கு அவர் அளவு மனப்பாடம். இரண்டு மாதம் லீவில் இருந்தார், பித்தப்பையில் கல் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். திரையை இழுத்து மூடச் சொன்னார். மூடினேன். இஞ்ச் டேப்பை எடுத்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கல்லு இல்லீங்க. இடது பக்கம் எடுத்துட்டாங்க."

டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியுமாம். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது, பரீட்சை நடக்கிறது. இருபத்தேழாம் தேதி முடிந்ததும் தானே பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எப்போதும் சொல்வதாக இல்லை. "பாவம்னு பாத்தாங்கன்னா என்னால விசில் ஊத முடியாது" என்றார்.

எடுத்த மார்பு இருந்த இடத்தில் வைத்துக்கொள்ளும் பஞ்சு நகராமல் இருக்க, சட்டைக்கு உள்ளே பை வேண்டும். மூன்று துணி கொடுத்தார். ஒன்று சாம்பல், ஒன்று கருநீலம், ஒன்று வெள்ளை. முதலில் சாம்பலைத் தைத்துப் பார்க்கலாம் என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டு தடவை தைத்துப் பிரித்தேன். பைக்கு மேலே வாய் வைத்தால் குனியும்போது பஞ்சு வெளியே வருகிறது. பக்கவாட்டில் வாய் வைத்து, மெல்லிய பருத்தியில் இரட்டை மடிப்பு கொடுத்ததும் நின்றது. என் தொழிலில் இப்படி ஒரு திருப்தி வந்து நாளாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

டீச்சர் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். பை இடம் மாறவில்லை. சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கவாட்டை லேசாகத் தூக்கி, பை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டையும் அதே இடத்தில் வைக்க வேண்டுமே.

"போட்டோ வேணாமே" என்றார்.

"என் போன்லதானே டீச்சர், யாரு பாக்கப் போறாங்க" என்றேன்.

அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மார்ச் 12, வியாழன்

டீச்சர் இன்று வேலைக்குத் திரும்பினார். வாசலில் நின்றால் விசில் கேட்கிறது.

மார்ச் 16, திங்கள்

என்ன செய்துவிட்டேன்.

நிதானமாக எழுதுகிறேன். எதிர்வீட்டு மூன்றாம் மாடி அக்கா வந்தார். தெருவே அவரை ரேடியோ அக்கா என்றுதான் சொல்லும், அவர் காதுபடவே சொல்லும், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பின்கழுத்து டிசைன் வேண்டும் என்றார். நான் மெஷினில் இருந்தேன். "போன் அங்க இருக்கு பாருங்க" என்றேன். வழக்கமாக விரல் தள்ளிக்கொண்டே இருக்கும், வாயும் கூடவே ஓடும். திடீரென்று இரண்டும் நின்றன. திரும்பிப் பார்த்தேன். போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

"இது நம்ம விளையாட்டு டீச்சர்தானே? உள்ள என்ன பை?"

கண்ணாடியில் டீச்சர் முகம் விழுந்திருக்கிறது. நான் பையை மட்டுமே பார்த்து எடுத்தேன், கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. இருபது வருஷம் கண்ணாடி வைத்துத் தொழில் செய்பவள்.

பர்ஸ் வைக்க என்று சொல்லியிருக்கலாம். புது மாடல் என்றிருக்கலாம். ஆயிரம் பொய் இருக்கிறது, அவசரத்துக்கு ஒன்றும் வரவில்லை. எழுந்து போய்ப் போனைப் பிடுங்கினேன். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன்.

அவர் அதுவரை வெறும் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்படிச் சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. "ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்தார். இடது பக்கம்.

மார்ச் 17, செவ்வாய்

டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். நாலு தடவை எண்ணை எடுத்தேன். ரேடியோ அக்கா சொல்லாமலும் இருக்கலாம் இல்லையா? நான் போய் வீணாகக் கலவரப்படுத்துவானேன்?

மார்ச் 18, புதன்

இன்றும் கூப்பிடவில்லை. கோழை. வேறென்ன.

மார்ச் 21, சனி

டீச்சர் வந்தார். திரையை மூடச் சொல்லவில்லை.

நேற்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் இவர் பெண்ணிடம் கேட்டிருக்கிறாள், உங்க அம்மாவுக்கு அந்த வியாதியாமே என்று. பிள்ளை வீட்டுக்கு வந்து குளியலறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டுவிட்டது. ஒரு மணி நேரம். வெளியே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டதாம்: "நீ செத்துருவியாம்மா?"

"இருபத்தேழாம் தேதி சொல்றதா இருந்தேன்" என்றார் டீச்சர். "எப்படி ஆரம்பிக்கணும், எதை முதல்ல சொல்லணும், எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். இன்னும் ஒரு வாரம்தான்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. போனைக் கேட்டார். கொடுத்தேன். தொட்டதும் திறந்துகொண்டது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே தேடி அந்தப் படத்தை அழித்தார். அலமாரியில் இருந்த தன் இரண்டு துணிகளையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க கெட்டவங்க இல்லீங்க" என்றார் வாசலில். "கெட்டவங்களா இருந்திருந்தா நான் சொல்லியே இருக்க மாட்டேன்."

நாலு திட்டு திட்டிவிட்டுப் போயிருக்கலாமே இந்த மனுஷி. அதைத் தாங்கியிருப்பேனே. வேணாமேன்னு ஒரு தடவை சொன்னாங்க. ஒரு தடவை சொன்னா போதாதா எனக்கு?

மார்ச் 22, ஞாயிறு

தம்பியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். 'அப்பவே சொன்னேன்' என்பான் என்று தயாராக இருந்தேன். சொல்லவில்லை. போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அழிச்சது இன்னும் உள்ளதான் இருக்குக்கா" என்றான்.

அழித்த படமெல்லாம் தனியாக ஓர் இடத்துக்குப் போய் முப்பது நாள் கிடக்குமாம். திறந்து காட்டினான். டீச்சர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், சிரித்துக்கொண்டு. அதை அங்கிருந்தும் அழித்தோம். இணையத்தில் ஒரு பிரதி தானாகவே ஏறிக்கொண்டிருந்திருக்கிறது, அங்கேயும் போய்ப் பார்த்து அழித்தோம். எனக்கே தெரியாமல் என் போன் இத்தனை இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு மற்றப் படங்களையும் பார்த்தோம். உள்பாவாடையோடு நிற்கும் கல்லூரிப் பெண், வயிறு தெரிகிற மாதிரி ஒரு கர்ப்பிணி, முதுகில் தீக்காயம் உள்ள ஒருத்தி. எல்லாம் அளவுக்காக நான் எடுத்தவை. ஒருத்தரிடமும் கேட்டதில்லை. தம்பி பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீயே அழிச்சுக்கோக்கா" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டான்.

ஆறு எண்ணில் லாக் போட்டாயிற்று. பிறந்த நாள் கூடாது, வீட்டு எண் கூடாது என்றான். எந்த எண் என்று இங்கேயும் எழுதமாட்டேன். சாயங்காலத்துக்குள் இரண்டு தடவை மறந்துவிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

இன்று பரீட்சை முடிந்தது. டீச்சருக்கு வீட்டில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

ஏப்ரல் 4, சனி

ரேடியோ அக்கா சட்டையை வாங்க வந்தார். "நான் என்ன கெடுதலா சொன்னேன்? எல்லாரும் அவங்களுக்காகப் பரிதாபப்படறாங்க, விசாரிக்கறாங்க. நல்லதுதானே?"

சண்டைக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவேன்? அவர் வாய் அப்படி என்று தெருவுக்கே தெரியும். தெரிந்தும் போனைக் கொடுத்தவள் நான்.

அடுத்த டிசைன் பார்க்கப் போனைக் கேட்டார். காகிதத்தில் வரைந்து ஒட்டிய நோட்டைக் கொடுத்தேன். "என்ன, பின்னாடி போறீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 15, புதன்

பிள்ளையின் சீருடைக்குக் காஜா போட வந்த ஒரு தாய் சொன்னாள்: விளையாட்டு டீச்சரை இப்போது யாரும் ஓடவிடுவதில்லையாம். மைதானத்தில் நாற்காலி போட்டிருக்கிறார்களாம். பந்தைக்கூடப் பிள்ளைகளே வந்து வாங்கிக்கொள்கிறார்களாம். "எவ்வளவு அக்கறை பாருங்க" என்றாள்.

விசில் கேட்டு நாளாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

கடிதம் எழுதினேன். கிழித்தேன். மன்னிப்புக் கேட்பதாக ஆரம்பித்து, விரல் ரேகை தேய்ந்த கதையில் போய் நிற்கிறது. மன்னிப்பில் சாக்குக்கு என்ன வேலை?

மே 9, சனி

அறிமுகமில்லாத ஓர் அம்மா வந்தார். திரை இருக்கிறதா என்று முதலில் கேட்டார். பிறகு, "உள்ள பை வெச்சுத் தைப்பீங்கன்னு டீச்சர் சொன்னாங்க" என்றார்.

கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"வேற எதாவது சொன்னாங்களா?"

"தையல் நல்லா இருக்கும், போட்டோ எடுக்க மட்டும் விடாதீங்கன்னாங்க."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். போனை உள்ளறைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து காட்டினேன், இரண்டு கையையும் விரித்து. அந்த அம்மா லேசாகச் சிரித்தார். அளவை ஒரு சீட்டில் எழுதினேன். பெயர் போடவில்லை, வெறும் எண். தைத்ததும் சீட்டை அவரிடமே கொடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

போகும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை. "டீச்சர் எப்படி இருக்காங்க?"

அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். "அதை நான் சொல்றது சரியில்லைங்க" என்றார்.

மார்ச் பதினாறாம் தேதி எனக்கு வேண்டியிருந்த வாக்கியம் அதுதான். இவ்வளவு சின்னதாக இருந்திருக்கிறது.

ஜூன் 2, செவ்வாய்

காலையில் ஒருவர் வந்தார். போன் உள்ளறையில் இருந்தது. திரையை நானே மூடினேன். அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு துணி கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று கருநீலம், ஒன்று வெள்ளை. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றேன்.

யார் என்று எழுதவில்லை.