தாத்தாவின் கல்லறை

அன்புள்ள ராகேலுக்கு,

வீடு கிடைத்துவிட்டது. வடசேரியில், பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரம். வாத்தியார் சம்பளத்துக்குத் தாங்குகிற வாடகை.

பதினோரு வீடு பார்த்தேன். கால் ஓய்ந்துவிட்டது. மீனாட்சியம்மாள் என்பவர், நாம் கிறிஸ்தவர்கள் என்றதும் வாசலிலேயே, "வேதக்காரங்களுக்குக் குடுக்கியதில்ல" என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இங்குள்ள நம் சபை மூப்பர் ஞானையன்தான் அறை அறையாகக் காட்டி, ஜெபமும் செய்துவிட்டு, "உம்ம தாத்தாவ எந்தக் கல்லறைத் தோட்டத்துல அடக்கினாவ?" என்றார். கிறிஸ்தவன் சாதி கேட்கக் கூடாதாம். அதனால் பிணத்தைக் கேட்கிறான். நம் ஊரைச் சொன்னேன். "அய்யோ, நேத்தே வேற ஆளுக்குச் சொல்லிப்போட்டேனே தம்பி" என்று கதவைப் பூட்டினார்.

இன்று கிடைத்த வீட்டிலும் அதே கேள்விதான். வீட்டுக்காரி ராஜபாய் அம்மாள் கேட்டாள். நான் வேறு ஊரைச் சொன்னேன். "அப்போ நம்ம ஆளுவதான்!" என்று சாவியோடு காப்பியும் தந்தாள். குடித்தேன்.

மழை வந்து அங்கே நம் கூரை ஒழுகத் தொடங்குமுன் உங்கள் மூன்று பேரையும் இங்கே கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். நீயும் பிள்ளையும் சனிக்கிழமை வாருங்கள். என் அம்மா இப்போது வேண்டாம். கிணற்றடியில் அவள் வாய் சும்மா இருக்காது. ஈஸ்டர்தோறும் தாத்தா கல்லறைக்குத் தன் கையாலேயே வெள்ளையடிப்பதை, ஊர்ப் பெயரோடு முதல் நாளே பெருமையாகச் சொல்லிவிடுவாள்.

கேட்டால், வீடு சின்னது என்று சொல்.

நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம்.

இப்படிக்கு,
உன் கணவன்